கையில் மாட்டுவதா, மடியில் கிடத்துவதா? அம்மாவுக்குத் தைத்த நாலு பொம்மைகள்

போன ஆடி மாதம் எங்கள் வீட்டுத் தையல் மெஷின் மேல் நாலு பொம்மைகள் உட்கார்ந்திருந்தன. சாக்ஸில் செய்த ஒன்று, விரல் நுழைத்து ஆட்டும் கையுறைப் பொம்மை ஒன்று, துணிக் குழந்தை ஒன்று, துண்டில் தைத்த கன்றுக்குட்டி ஒன்று. நாலும் அம்மாவுக்காகச் செய்தவை. அம்மாவுக்கு 81 வயது. டிமென்ஷியா என்கிற மறதி நோய் என்று தெரிந்து இது ஐந்தாவது வருஷம். சாயங்காலம் ஐந்து மணி ஆனால் போதும், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நான் ஊட்டுக்குப் போறேன்" என்று வாசலுக்குக் கிளம்பிவிடுவார். அவர் இருப்பதே அவர் வீட்டில்தான். ஏழு மணிவரை இந்தப் பாடு. அந்த இரண்டு மணி நேரத்துக்கு அவர் கைக்கு ஏதாவது வேண்டும் என்றுதான் நான் ஊசியை எடுத்தேன்.

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. நேற்று வரை சாதுவாக இருந்தவர் இன்று திடீரென்று கத்துகிறார், அலைகிறார் என்றால் அது பொம்மை தைக்கிற நேரம் இல்லை. மூத்திரத்தில் கிருமி, மலச்சிக்கல், சொத்தைப் பல், புதிதாக ஆரம்பித்த மாத்திரை என்று எதுவாகவும் இருக்கலாம். வாயால் சொல்லத் தெரியாத வலி இப்படித்தான் வெளியே வரும். முதலில் டாக்டரைப் பாருங்கள். நாள் தவறாமல் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி வருகிற தவிப்புக்குத்தான் பொம்மை. ஆளை அடக்கிவைக்கக் கொடுக்கும் மனநோய் மாத்திரைகள் வயதான டிமென்ஷியாக்காரர்களுக்கு உயிராபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்துவிட்டது. மருந்தில்லாத வழிகளை முதலில் பாருங்கள் என்று டாக்டர்கள் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். பொம்மையால் நோய் குறையாது. ஒரு சாயங்காலம் கொஞ்சம் லேசாகக் கழியும், அவ்வளவுதான்.

சரி, எந்தப் பொம்மை? நான் மூன்று தைத்து முடித்த பிறகுதான் ஒரு விஷயம் மண்டையில் உறைத்தது. கைப்பொம்மைக்கு உயிர் கொடுப்பது பார்த்துக்கொள்கிறவரின் கை. அந்தக் கையை வெளியே எடுத்துவிட்டால் அது வெறும் துணிப்பை. துணிக் குழந்தைக்கு உங்கள் கை தேவையில்லை. நோயாளியின் மடியும் தோளுமே அதற்குப் போதும். அதனால் நிறம், துணி, கண் எல்லாம் அப்புறம். அந்தக் கெட்ட நேரத்தில் பக்கத்தில் உட்கார ஆள் உண்டா, இல்லையா? எங்கள் வீட்டில் ஐந்து மணிக்கு நான் அடுப்படியில் நிற்பேன், மகன் டியூஷனில் இருப்பான். இது தெரிந்தும் நான் முதலில் தைத்தவை இரண்டுமே கைப்பொம்மைகள். பார்க்க அழகாக இருந்தன, அதுதான் காரணம்.

சாக்ஸ் பொம்மையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கெட்டியான பருத்தி சாக்ஸ் ஒன்று, முனையைக் கீறி உள்ளே சிவப்புத் துணியை வைத்துத் தைத்தால் வாய், மேலே நூலில் இரண்டு கண். ஒரு மணி நேர வேலை. உங்கள் வீட்டுப் பெரியவருக்குப் பொம்மை என்ற சங்கதியே ஒத்துவருமா என்று பார்க்க இது நல்ல வெள்ளோட்டம். துணி வாங்கி, பஞ்சு வாங்கி, பத்து நாள் உழைத்துவிட்டு அவர் தூக்கி எறிந்தால் மனசு கஷ்டப்படும். சாக்ஸ் என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் முகம் முழுக்க வாய்தான். வாயை அகலமாகத் திறந்தால் அம்மா பின்னால் சாய்ந்தார். பாம்பு என்று நினைத்தாரோ என்னவோ. சிவப்பைப் பிரித்துவிட்டு இளம் பழுப்பு வைத்து, வாயைப் பாதி மட்டும் திறந்து பேசினேன். பரவாயில்லை என்கிற அளவுக்குத்தான் போனது.

கையுறைப் பொம்மை வேறு தரம். ஆட்காட்டி விரல் தலைக்கு, கட்டை விரலும் நடுவிரலும் இரண்டு கைகளுக்கு. உங்கள் கையை அப்படி விரித்து நியூஸ் பேப்பர் மேல் வைத்துக் கோடு இழுத்து, சுற்றிலும் இரண்டரை செ.மீ. விட்டு வெட்டினால் அதுதான் அளவு. தலைக்குக் காடாத் துணியில் ஆரஞ்சுப் பழ அளவு உருண்டை. கழுத்துக்குள் விரல் நிற்க ஒரு குழாய் வேண்டும். சார்ட் அட்டையைச் சுருட்டி வைக்கச் சொல்வார்கள். ஒரு தடவை துவைத்ததும் அது ஊறிக் கூழாகிவிடும். பழைய ஜீன்ஸ் துணியை இரண்டு சுற்றுச் சுருட்டித் தைத்தால் கெட்டியாக நிற்கும்.

இந்தப் பொம்மையால் நடந்ததை நானே எதிர்பார்க்கவில்லை. "சாப்பிட்டியாம்மா?" என்று நான் கேட்டால் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதையே பொம்மை கேட்டால், "ம், சாப்பிட்டேன் கண்ணு, நீ?" என்பார். யோசித்துப் பார்த்தால் எனக்குப் புரிகிறது. நான் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் அவருக்குப் பரீட்சை. இன்று என்ன கிழமை, இது யார், காலையில் என்ன சாப்பிட்டாய் என்று எல்லோரும் மாற்றி மாற்றிக் கேட்டு அவரைத் தோற்கடித்துக்கொண்டே இருக்கிறோம். பொம்மையிடம் தோற்க ஒன்றும் இல்லை. தவிர, அந்த நேரத்தில் பெரியவர் அவர்தான், சின்னது பொம்மை. குளிக்க மாட்டேன் என்று அடம்பிடித்த இரண்டு காலைகளில் பொம்மைதான் முதலில் கையை நனைத்துக்கொண்டது. ஜெர்மனியில் முதியோர் இல்லங்களில் வாய் அசையும் பெரிய கைப்பொம்மைகளை இப்படிப் பேச்சுக்காகவே பயன்படுத்துகிறார்கள். மடியில் உட்காருகிற அளவு, தலைக்குள் ஒரு கை, பொம்மையின் கைக்குள் இன்னொரு கை. தைக்கிற எனக்கு அந்த அளவு தலைக்குள் வாய் வைப்பது கைவரவில்லை. அதனால் சின்னதோடு நின்றுவிட்டேன்.

கையுறைப் பொம்மையை ஆட்டுகிறவர்கள் செய்கிற தப்பு ஒன்று உண்டு, நானும் செய்தேன். பொம்மை என்றதும் கீச்சுக் குரல் வந்துவிடுகிறது. வயதானால் முதலில் கேட்காமல் போவது கீச்சு ஒலிகள்தான். தாழ்ந்த குரலில், நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டும். பக்கவாட்டில் இருந்து திடீரென்று நீட்டக் கூடாது. நேர் எதிரே, அவர் கண் மட்டத்தில், இரண்டு முழம் தள்ளி.

இதன் குறைகள் பத்து நிமிஷத்திலேயே தெரிந்துவிடும். முதலில் விரல் வலிக்கும். அடுத்தது அதைவிட மோசம். ஒரு நாள் குக்கர் கத்தியதும் பொம்மையைக் கழற்றி அம்மா பக்கத்திலேயே போட்டுவிட்டு ஓடினேன். திரும்பி வந்தால், தலை தொங்கிச் சுருண்டு கிடந்த துணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "என்னாச்சு இதுக்கு? பேச்சு மூச்சில்ல" என்றார். அன்று முழுக்க அழுகை. அதற்குப் பிறகு அந்தப் பொம்மை "போயிட்டு வர்றேன்" சொல்லிவிட்டு, அறையை விட்டு என் கையோடுதான் வெளியே போகும்.

அடுத்து துணிக் குழந்தை. மறதி நோய்க்கான பொம்மை என்று உலகம் முழுக்க அதிகம் பேசப்படுவது இதுதான். பயந்தவருக்கு ஒரு பிடிமானம், சும்மா இருக்கும் கைக்கு ஒரு பொறுப்பு. காரணம் இதுதான் என்கிறார்கள். இங்கிலாந்தின் நியூகாசில் பகுதியில் உளவியலாளர் இயான் ஜேம்ஸும் அவருடைய குழுவினரும் முதியோர் இல்லங்களில் பொம்மைகளைக் கொடுத்துப் பார்த்து 2006-ல் எழுதினார்கள். சிலரிடம் அலைச்சல் குறைந்தது, மற்றவர்களோடு பேச்சுப் பழக்கம் கூடியது என்பது அவர்கள் கண்டது. கூடவே ஒரு தலைவலியையும் சொல்லியிருந்தார்கள்: இந்தக் குழந்தை என்னுடையது, உன்னுடையது என்று சண்டை. வீட்டில் ஒருவர்தான் நோயாளி என்றால் அந்தக் கவலை இல்லை.

கடையில் வாங்கிவிடலாம் என்றுதான் முதலில் போனேன். இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கும் என்பது 2023-ல் வெளியான ஆய்வின் மதிப்பீடு. இருந்தும் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் மாநிறத்தில் ஒரு குழந்தைப் பொம்மை கிடைக்கவில்லை. எல்லாம் ரோஸ் நிறம், நீலக் கண், தங்க முடி. ஒன்றை வாங்கி வந்து கொடுத்ததற்கு அம்மா, "தொரை ஊட்டுப் புள்ளையா? எதுக்கு இங்க கொண்டாந்தே?" என்று கேட்டார். அமுக்கினால் அழுகிற பேட்டரி வேறு. அழுகிற குழந்தையை எப்படிச் சமாதானம் செய்தும் நிறுத்த முடியாவிட்டால் யாருக்குத்தான் பைத்தியம் பிடிக்காது? பேட்டரியைக் கழற்றி, பொம்மையைப் பக்கத்து வீட்டுச் சின்னப் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். பழைய மரப்பாச்சி வீட்டில் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தால் அம்மாவுக்கு அடையாளம் தெரிந்தது, தடவினார், ஆனால் கட்டையை யார் அணைத்துக்கொள்வார்கள்? கீழே போட்டால் கால் விரலில்தான் விழும்.

நான் தைத்த குழந்தை 45 செ.மீ. நீளம். காடாத் துணியை டீத்தூள் கொதித்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் நல்ல மாநிறம் ஏறும். கொஞ்சம் கல் உப்பும் போட்டேன். கண் திறந்திருக்க வேண்டும், பட்டன் கூடாது, கறுப்பு நூலில் தைக்க வேண்டும். மூடிய கண் வைத்தால் தூங்குகிற குழந்தை மாதிரி அழகாக இருக்கும் என்று தோன்றும். எழுப்பி எழுப்பிப் பார்த்து எழுந்திருக்கவில்லை என்றால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசியுங்கள். முடிக்குக் கறுப்பு உல்லன் நூல் வைத்தேன். நாலாம் நாள் அது அம்மாவின் வாயில் இருந்தது. பிடுங்கிவிட்டு, கறுப்புத் துணியில் தொப்பி மாதிரி ஒட்டித் தைத்தேன்.

எடைதான் குழந்தைப் பொம்மையின் உயிர். பஞ்சு மட்டும் அடைத்தால் அது தலையணை. உண்மையான பச்சைக் குழந்தை இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். ஆனால் 80 வயதுக் கைக்கு அது அதிகம். 700 கிராம் எனக்குச் சரியாக வந்தது. அந்த எடையில் பெரும்பங்கு இடுப்பில், கொஞ்சம் பின்னந்தலையில். அப்போதுதான் தலை முழங்கை மடிப்பில் சரியாகச் சாயும். முதலில் அரிசி போட்டேன், மூன்றாம் மாதம் வண்டு வந்தது. மணல் தையல் ஓட்டையில் கசிந்தது. கடைசியில் புளியங்கொட்டை. கழுவிக் காயவைத்து, இரட்டைத் துணிப்பையில் நெருக்கித் தைத்து, வயிற்றுக்குள் வைத்தேன். அந்தப் பையைத் தனியாக எடுக்க முடிய வேண்டும், இல்லையென்றால் துவைக்க முடியாது. பஞ்சு விஷயத்தில் எனக்கு இலவம் பஞ்சு மேல்தான் ஆசை. சூடு ஏறாது, கைக்கு இதமாக இருக்கும். ஆனால் தண்ணீர் பட்டால் கட்டி கட்டியாகிவிடும். மூத்திரமும் சோறும் படப்போகிற பொம்மைக்கு ரெக்ரான் என்கிற பாலியஸ்டர் பஞ்சுதான் நடைமுறை. மனசில்லாமல்தான் மாறினேன்.

குழந்தை அம்மாவுக்குப் பிடித்தது. கண் மையை எடுத்துக் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தார். பழைய வாயல் புடவையைக் கிழித்துத் தூளி கட்டச் சொன்னார். கட்டிக் கொடுக்கவில்லை. தொங்குகிற துணியும் தடுமாறுகிற காலும் சேர்ந்தால் ஆபத்து. சுளகில் துணி விரித்துக் கொடுத்தேன், ஒத்துக்கொண்டார். ஆனால் ஒரு வாரத்தில் வேறு கதை ஆரம்பித்தது. தன் தட்டில் இருக்கும் சோற்றைக் குழந்தைக்கு ஊட்டிவிட்டு அவர் பட்டினி. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, "இதோட அம்மாக்காரி தேடுவாளே, யாரு இது, எந்த ஊரு?" என்று கதவைத் தட்டுகிறார். வீட்டுக்குப் போகும் தவிப்பு போய், அடுத்தவர் பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கும் தவிப்பு வந்துவிட்டது. குழந்தையை மெதுவாகக் கண் மறைவாக வைத்தேன். திருப்பூரில் பெரியம்மாவுக்கும் இதே நோய். அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அங்கே அந்தக் குழந்தை இன்றைக்கும் ராஜாவாக இருக்கிறது. பெரியம்மா அதை மடியில் போட்டுக்கொண்டுதான் டிவி பார்க்கிறார், ஒருநாளும் யார் குழந்தை என்று கேட்டதில்லையாம். ஏறக்குறைய ஒரே வயது, ஒரே நோய், கூடப்பிறந்தவர்கள். பொம்மை மட்டும் வேறு வேறு.

குழந்தையைப் பறிகொடுத்த தாய்மார் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். மறந்துவிட்டார் என்று நாம் நினைப்போம். கையில் குழந்தை வந்ததும் அந்த நாள் திரும்பி வந்துவிடலாம். உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் இந்த வகையைத் தொடாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

அண்ணன் ஊரிலிருந்து வந்தபோது ஒரு சண்டையும் நடந்தது. "அம்மா என்ன பச்சைப் புள்ளையா? பொம்மையைக் கொடுத்து ஏமாத்தறே." அவன் சொன்னதைச் சட்டென்று தள்ளிவிட முடியாது. டிமென்ஷியா பராமரிப்பைப் பற்றி நிறைய யோசித்த டாம் கிட்வுட் என்ற ஆங்கிலேயர், நோயாளியைச் சிறுமைப்படுத்தும் செயல்கள் என்று 17 வகைகளை 1997-ல் பட்டியல் போட்டார். ஏமாற்றுவதும் அதில் உண்டு, குழந்தைபோல நடத்துவதும் உண்டு. ஆனால் இந்த நோய்க்காரர்களுக்கு முக்கியமாக வேண்டியவை என்று அவரே சொன்னவற்றில் ஆறுதல், ஒட்டுறவு, கைக்கு ஒரு வேலை மூன்றும் உண்டு. பொம்மை வேண்டும் என்பவர்களும் கூடாது என்பவர்களும் அவரையே சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள்.

எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது மாடு கட்டும் எங்கள் தொண்டுப்பட்டி. கன்று செத்துப்போனால் மாடு பால் இறக்காது. செத்த கன்றின் தோலுக்குள் வைக்கோலை அடைத்து மாட்டின் முன்னால் நிறுத்துவார்கள். மாடு அதை நக்கிக் கொடுக்கும், மடி சுரக்கும். கறக்கிற வேலை அம்மாவுடையது. அவருக்கு அது பிடிக்காது என்பது எனக்குத் தெரியும். கறந்து முடித்ததும் வைக்கோல் கன்றைப் பார்க்காமல் திரும்பி நடப்பார். நான் அம்மாவுக்குச் செய்வதும் அதுவேதானா? ஒரு வித்தியாசம் சொல்லலாம்: அங்கே லாபம் நமக்கு, இங்கே அம்மாவுக்கு. ஆனால் ஐந்து மணிக்கு வீட்டில் அமைதி இருந்தால் லாபம் எனக்கும்தான். அண்ணனிடம் இதை ஒப்புக்கொண்டேன். ஒரு விதி மட்டும் வைத்துக்கொண்டேன். அம்மாவிடம் நானாக "இது குழந்தை", "இது கன்று" என்று சொல்வதில்லை. "இது என்னம்மா?" என்று கேட்பேன். அவர் பொம்மை என்றால் பொம்மை. அவர் உயிர் என்றால் நான் மறுக்க மாட்டேன்.

கன்றுக்குட்டி யோசனை அந்தச் சண்டையில் பிறந்ததுதான். அம்மா பிறந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் காங்கேயம் பக்கம். வாழ்நாள் முழுக்க மாட்டோடு இருந்தவர். முதலில் சாம்பல் வெள்ளைத் துண்டில் தைத்தேன், காங்கேயம் மாடு என்றால் அந்த நிறம்தானே என்று. அம்மா புரட்டிப் பார்த்துவிட்டு, "இது கண்ணுக்குட்டி இல்ல" என்று வைத்துவிட்டார். அவர் சொன்னது சரி. காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலை நிறம், ஆறு மாதம் ஆகும்போதுதான் நிறம் மாறும். தன் மகள் பெயரை மறந்தவருக்கு அது மறக்கவில்லை. செங்கல் நிறத்தில் டர்க்கி டவல் தேடி வாங்கி மறுபடி தைத்தேன்.

இதில்தான் இரண்டு வகையையும் சேர்த்தேன். உடம்பு துணிக் குழந்தை மாதிரி பஞ்சும் புளியங்கொட்டையும் அடைத்தது. மடியில் படுக்கும். கழுத்துக்குப் பின்னால் என் கை நுழைய ஒரு திறப்பு. தலையணை உறை மாதிரி ஒரு துணி மேல் இன்னொன்று ஏறி மூடிக்கொள்ளும், பட்டனோ ஜிப்போ வெளியே கிடையாது. நான் இருக்கும்போது கையை விட்டுத் தலையை ஆட்டுவேன், அம்மாவின் கையை முட்டும், முகரும். நான் அடுப்படிக்குப் போனால் கையை எடுத்துவிடலாம். தலைக்குள்ளும் பாதி பஞ்சு இருப்பதால் அது செத்து விழாது, அப்படியே படுத்திருக்கும். கையுறைப் பொம்மைக்கு நேர்ந்தது இதற்கு நேராது. இரண்டு காதையும் வேண்டுமென்றே நீளமாக, உள்பக்கம் வழவழப்பான சாட்டின், வெளிப்பக்கம் டவலாகத் தைத்தேன். விரல் சும்மா இராத நோயாளிகளுக்காக இங்கிலாந்து மருத்துவமனைகளில் கையை நுழைத்துக்கொள்ளும் பின்னல் உறைகள் கொடுப்பார்கள், உள்ளேயும் வெளியேயும் ரிப்பன், பட்டன் எல்லாம் தைத்திருக்கும். எங்கள் வீட்டில் அந்த வேலையைக் காதுகள் செய்கின்றன. அம்மாவின் விரல் அங்கேதான் இருக்கும். சாயங்காலம் அதைத் தடவிக்கொண்டே "கண்ணு, கண்ணு" என்கிறார். கன்றைக் கூப்பிடுகிறாரா, என்னைக் கூப்பிடுகிறாரா என்று தெரியாது. எங்கள் பக்கம் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

விலங்குப் பொம்மையின் சௌகரியம் எனக்குப் பட்டது இது: குழந்தை என்றால் பொறுப்பு முழுக்கத் தலைமேல் ஏறும், கன்றுக்கு அவ்வளவு இல்லை. "தண்ணி வெச்சயா?" என்று ஒரு தரம் கேட்பார், வைத்துவிட்டேன் என்றால் சமாதானம். ஆனால் இது வாழ்நாளெல்லாம் விலங்கோடு பழகியவருக்குத்தான். நாயைக் கண்டால் தெருவைக் கடந்து போகிறவருக்கு நாய்ப் பொம்மை கொடுத்து என்ன பயன்? ஆண்களுக்கும் குழந்தையை விட விலங்கோ வேறு பொருளோ கூச்சமில்லாமல் இருக்கும் என்பது என் ஊகம். தெரிந்த குடும்பத்தில் ஒரு தாத்தா குழந்தைப் பொம்மையை யாரும் பார்க்காதபோது மட்டும் எடுத்துக்கொள்வாராம்.

மெஷின் பொம்மைகளையும் ஒரு வரி பார்த்துவிடலாம். ஜப்பானில் தகனோரி ஷிபாட்டா உருவாக்கிய பாரோ என்ற கடல்நாய்க் குட்டி ரோபோ இருக்கிறது. எடை 2.7 கிலோ, தடவினால் திரும்பிப் பார்க்கும். அமெரிக்காவில் 2009-ல் மருத்துவச் சாதனமாக அனுமதி பெற்றது. விலை 6000 டாலர் வாக்கில். நம் கணக்கில் பல லட்சம், அதோடு அம்மாவுக்குக் கடல்நாய் என்றால் என்னவென்றே தெரியாது. என்னை யோசிக்கவைத்தது வேல்ஸில் கார்டிஃப் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகத்தில் உருவான ஹக் என்ற பொம்மை. நீண்ட, கனமான கைகள் கழுத்தைச் சுற்றி விழும், உள்ளே இதயம் துடிக்கும், பிடித்த பாட்டு ஓடும். இதயத்தை என்னால் வைக்க முடியாது. கனமான கைகளை வைக்கலாம். கன்றின் முன்னங்கால்களை நீளமாக்கி, நுனியில் கொஞ்சம் புளியங்கொட்டை சேர்த்தேன். அம்மாவின் இரண்டு தோளிலும் அவை கிடக்கும்.

இப்போது யாராவது என்னிடம் எதைத் தைக்கலாம் என்று கேட்டால் முதலில் ஆள் கணக்கைத்தான் கேட்பேன். பக்கத்தில் உட்கார ஒருவர் உண்டு, பெரியவர் இன்னும் பேசுகிறார், ஆனால் வீட்டாரோடு முறைப்பு என்றால் கையுறைப் பொம்மை. பேச்சு குறைந்துவிட்டது, கை எதையாவது தேடுகிறது, பெரும்பாலும் தனியாக உட்கார்ந்திருக்கிறார் என்றால் மடியில் கிடக்கும் பொம்மை. அது குழந்தையா விலங்கா என்பதை அவருடைய பழைய வாழ்க்கை சொல்லும். இரண்டுக்கும் நடுவில் இருப்பவருக்கு எங்கள் கன்று மாதிரி கலப்பு. வேலை அதிகம். எனக்கு ஒன்பது நாள் பிடித்தது.

எதைத் தைத்தாலும் வெளியே பட்டன், மணி, பாசி, நீளக் கயிறு வேண்டாம். எல்லாமே ஒருநாள் வாய்க்குப் போகும். தையல் கெட்டித் தையலாக, இரண்டு வரிசை. முடித்ததும் ஒரு காந்தத்தைப் பொம்மை முழுக்க ஓட்டிப் பாருங்கள். என் குழந்தைப் பொம்மையின் தொடையில் ஒரு குண்டூசி இருந்தது. துணியின் நிறம் பெரியவர் வழக்கமாக உடுத்தும் புடவை நிறத்திலிருந்து விலகி இருக்கட்டும். ஒரே நிறமாக இருந்தால் மடியில் இருப்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. கொடுக்கும்போது கையில் திணிக்காதீர்கள். கட்டிலிலோ நாற்காலியிலோ வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள், அவராகக் கண்டுபிடிக்கட்டும். பிடிக்கவில்லை என்றால் ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு முறை, அதோடு விட்டுவிடுங்கள். பிடித்துவிட்டால் கையிலிருந்து பிடுங்கக் கூடாது, துவைக்கக்கூட.

அதனால் இரண்டு தைக்க வேண்டும். இதை யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. கன்று பாலிலும் ரசத்திலும் ஊறி நாற்றம் எடுத்தபோது, அதே டவலில் அதே அளவில் இன்னொன்று தைத்தேன். பழசு மாதிரி மெத்தென்று ஆக மூன்று முறை துவைத்து, அம்மாவின் புடவைக்குள் ஒரு வாரம் சுருட்டி வைத்து, அவர் தூங்கும்போது மாற்றிவைத்தேன். காலையில் எழுந்ததும் காதைத் தடவிப் பார்த்தார். "இது இன்னொண்ணு. அது எங்கே?" என்றார். கொடியில் காய்ந்துகொண்டிருந்ததைக் கொண்டுவந்து கொடுத்தேன். இப்போது இரண்டும் அவர் மடியில்தான் இருக்கின்றன, இரண்டையும் விடுவதில்லை. மூன்றாவதுக்கு டவல் வாங்கி வைத்திருக்கிறேன்.